ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடுமா? ஒரு பழைய கேஷியரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒரு வங்கியில் 28 வருடம் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். அதில் 4 வருடம் ஏற்காட்டுக் கிளை. ஓய்வு பெற்ற மறுவாரமே தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. "எத்தனை ஆயிரம் ஆளைப் பார்த்திருப்பீங்க, மூஞ்சியப் பார்த்தாலே சொல்லிடுவீங்களே!" வரன் விசாரிக்க, மாடிக்குக் குடி வைக்க, கடைக்கு ஆள் எடுக்க என்று எதற்கெடுத்தாலும் என்னிடம் வருகிறார்கள். "அந்தப் பையன் டீயை ஊதி ஊதிக் குடிக்கிறான், ஆள் எப்படிக்கா?" என்று கேட்டவர்கூட உண்டு. திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதி வைக்கிறேன். அடுத்து வருகிறவரிடம் இதை நீட்டிவிடலாம்.

சின்னச் சின்னப் பழக்கத்தை வைத்து ஒருவரை எடை போடலாமா?

போடலாமா, கூடாதா என்ற கேள்வியே வீண். போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஜன்னலைச் சாத்தினால் ஒன்று நினைக்கிறோம், திறந்தால் வேறொன்று நினைக்கிறோம்.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பார்கள். பழமொழியில் பிழையில்லை. ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே அடுப்பு. அதனால் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் பானை முழுக்கத் தெரிந்துவிடும். ஆள் அப்படி வேகிறதில்லை. வீட்டில் குழைந்து போகிறவர் ஆபீசில் வேகாத அரிசி. கல்யாண வீட்டில் வாரி வழங்குகிறவர் காய்கறிக் கடையில் 2 ரூபாய்க்கு மல்லுக்கட்டுவார்.

பழக்கத்தைப் பார்த்தால் அவர் என்ன வேலை பார்த்தவர், எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர், எதில் ஒருமுறை அடிபட்டவர் என்பது கொஞ்சம் பிடிபடும். நல்லவரா, கெட்டவரா என்பது பிடிபடாது. நாம் முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதைச் சொல்லிவிடுகிறோம். கீழே நான் சொல்லப்போவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

அப்படியென்றால் முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்ட மாதிரி ஏன் இருக்கிறது?

ஏனென்றால் மனசு அவசரக்காரி. 2006-இல் ஜானின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடரோவ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், முன்பின் தெரியாத முகங்களின் படங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே காட்டி, 'இவர் நம்பகமானவரா? திறமைசாலியா?' என்று கேட்டார்கள். அதற்குள்ளேயே பார்த்தவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்துப் பார்த்தபோதும் முடிவு பெரிதாக மாறவில்லை. தாங்கள் சொன்னது சரிதான் என்ற தைரியம்தான் ஏறியது.

இந்தத் தைரியம் எனக்கு நன்றாகவே பழக்கம். நோட்டுக் கட்டை எண்ணும்போது கள்ள நோட்டு வந்தால் கண் பார்ப்பதற்கு முன்பே விரல் நின்றுவிடும். காந்தி படத்தின் மேல் விரல் போனால் மேடாகத் தட்டுப்பட வேண்டும். வழவழவென்று ஓடினால் எடுத்துத் தனியாக வைத்துவிடுவேன். அந்த அரை நொடித் தீர்ப்பு தவறியது குறைவு. நல்ல நோட்டெல்லாம் ஒரே மாதிரி அச்சடித்து வருவதால் அது சாத்தியம். விரலுக்கு இருந்த அந்தக் கர்வத்தை நோட்டை நீட்டியவர் மீதும் காட்ட ஆரம்பித்ததுதான் நான் செய்த தப்பு.

சத்தமாகப் பேசுகிறவர்கள் கோபக்காரர்களா?

எங்கள் உறவில் ஒரு பெண்ணைச் சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளை என்ற ஊரில் கட்டிக் கொடுத்தோம். மூன்றாம் நாளே போனில் அழுகை. "அத்தை, இங்க எல்லாரும் என்னைத் திட்டிக்கிட்டே இருக்காங்க."

அடுத்த ஞாயிறு கிளம்பிப் போனேன். செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து ஒரு குரல். "சம்பந்தி வந்திருக்காங்க, தண்ணி கொண்டாம்மா!" தெருமுனையில் நின்றவருக்கும் கேட்டிருக்கும். பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்: பார்த்தியா?

வீட்டை ஒட்டிப் பின்னால் தறிக்கூடம். உள்ளே எட்டு விசைத்தறி. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடித்துத் திரும்பும் சத்தம் காதில் மட்டும் கேட்காது, உள்ளங்காலில் ஏறும். பாவு நூல் அறுந்தால் ஒரு கை, நாடாவுக்குள் நூல் சுற்றிய தார் தீர்ந்தால் ஒரு கை என்று அங்கே பாதிப் பேச்சு சைகையில் நடக்கிறது. மீதிப் பேச்சு கத்தலில். 30 வருடமாக அந்த மாமியார் அதற்குள் நின்றிருக்கிறார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிற்று. எட்டு தறியும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. திடீரென்று ஊரே அமைதி. அந்த அமைதிக்குள் மாமியார் அதே குரலில், "ஏம்மா, இளைச்சுப் போயிட்டீங்களே!" என்றார். பக்கத்து வீட்டுக் கோழி பறந்தது. அவருக்கே கேட்டுவிட்டது போல. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தப் பெண் கல்யாணத்துக்கப்புறம் முதன்முதலாக அப்போதுதான் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

தினமும் 8 மணி நேரம், 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் வருடக்கணக்காக வேலை செய்தால் காது மந்தமாகும் என்பது தொழில் மருத்துவத்தில் தெரிந்த கணக்கு. முதலில் போவது கீச்சுக்குரல், 'ச', 'த' மாதிரி மெல்லிய ஒலிகள். ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது கேட்காது. தன் குரலும் தனக்குச் சின்னதாகக் கேட்பதால் இன்னும் உயர்த்துவார்கள். பக்கத்தில் இருப்பவர் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு பதிலுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். தறி ஓடும் ஊர்களில் இப்படி எத்தனை மாமியார் மருமகள் சண்டை தறிச் சத்தத்தால் வந்ததோ!

மெதுவாகப் பேசுகிறவர் சாது என்பதற்கும் இதே பதில்தான். நான் 28 வருடத்தில் கேட்ட குரல்களிலேயே மிக இதமான குரலில் என்னை "அக்கா" என்று அழைத்தவர், அன்று நீட்டிய நோட்டுக் கட்டில் மூன்று கள்ள நோட்டு வைத்திருந்தார்.

காசை இரண்டு தடவை எண்ணுகிறவர் நம்மை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்?

எனக்கும் ஆரம்பத்தில் சுருக்கென்று இருக்கும். நான் எண்ணி, மெஷினும் எண்ணி, கொடுத்த பிறகு கவுண்டரிலேயே நின்று விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எண்ணுவார்கள். பின்னால் வரிசை நெளியும். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒருவரைக் கேட்டேவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் என் தலைக்கு மேலே கையைக் காட்டினார். 'கவுண்டரை விட்டு அகலும் முன் பணத்தைச் சரிபார்த்துக்கொள்ளவும்.' எங்கள் போர்டுதான். அதற்குக் கீழேதான் நான் வருடக்கணக்காக முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கஞ்சத்தனம் என்று நாம் பெயர் வைக்கும் பழக்கங்களிலும் பாதி இப்படித்தான். செவ்வாய்ப்பேட்டையில் டீக்கடை ஒன்றுக்கு நாங்கள் மதியம் போவோம். அங்கே வாடிக்கையாக வரும் ஒரு பெரியவர், மிக்சர் சாப்பிட்டு முடித்ததும் ஆள்காட்டி விரலை ஈரப்படுத்தி, மேசையில் சிந்திய துளிகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்பார். அப்புறம் எழுந்து வேட்டியை ஒரு உதறு, சட்டைப் பையை ஒரு தட்டு. எங்களுக்குள் அவருக்கு 'துளி' என்று பெயர் வைத்திருந்தோம். ஆள் கருமி, மிக்சர் தூளைக்கூட விடமாட்டார் என்று சிரிப்போம்.

வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் பிறந்து வளர்ந்து இதைக்கூட யோசிக்கவில்லை என்பது இப்போது வெட்கமாக இருக்கிறது. அவர் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். வெள்ளியை அறுக்கும்போதும் ராவும்போதும் பறக்கும் தூளும் பணம்தான். தரையைக் கூட்டிய குப்பையைக்கூட எறியமாட்டார்கள், உருக்கி வெள்ளியை மீட்பார்கள். விரலால் ஒற்றுவதும் வேட்டியை உதறுவதும் 40 வருடத் தொழில் சுத்தம். அவர் தாராளமானவரா, கருமியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மிக்சரில் அதற்கான பதில் இல்லை என்பது மட்டும் தெரியும்.

மாப்பிள்ளைப் பையனை வெளியே சாப்பிடக் கூட்டிப்போய்ப் பார்த்தால் குணம் தெரிந்துவிடும் என்கிறார்களே?

எதைச் சாப்பிட வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது! எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் அப்பா, பார்த்த மாப்பிள்ளைப் பையனைத் தட்டுவடை செட்டு கடைக்குக் கூட்டிப்போனார். வெளியூர்ப் பையன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காரச் சட்னி, புதினாச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் என்று அடைத்துக் கொடுப்பதை ஒரே வாயில் போட வேண்டும். அந்த வித்தை சேலத்துக்காரருக்குத்தான் தெரியும். பையன் மரியாதையாகப் பாதியாகக் கடித்திருக்கிறான். தட்டுவடை நொறுங்கி, பீட்ரூட் சட்டையில் இறங்கிவிட்டது. "கையில் எடுத்ததைச் சிந்தாமல் சாப்பிடத் தெரியாதவன் குடும்பத்தை எப்படி நடத்துவான்?" என்று வீட்டில் தீர்மானம். அந்த அப்பாவைத் தலைவாழை இலையில் ஐஸ்கிரீம் சாப்பிடச் சொல்லிப் பார்க்க எனக்கு ஆசை.

ஆனால் ஒன்று. பரிமாறுகிறவரை எப்படிக் கூப்பிடுகிறான் என்பதை நானும் கவனிப்பேன். "தம்பி", "அண்ணா", "ஏங்க" என்று கூப்பிடுவதற்கும், தன் வயசையொத்த ஆளை "டேய், இங்க வா" என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தனக்கு மேலே இருப்பவரிடம் யாரும் பணிவாக இருப்பார்கள். கீழே என்று தான் நினைக்கிற ஆளிடம் பேசும்போதுதான் அந்த நினைப்பு வெளியே வரும். இதையும் ஒரே சாப்பாட்டில் முடிவு கட்டாதீர்கள். நாலு கடை, நாலு நாள் பாருங்கள். அன்றைக்கு அவனுக்குப் பல்வலியாக இருந்திருக்கலாம்.

எதற்கெடுத்தாலும் ஹாரன் அடிக்கிறவன் அராஜகக்காரன்தானே?

அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் ஹாரன் அடித்தால் எனக்கும் எரிச்சல் வரும். ஆனால் ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. எதிரே என்ன வருகிறது என்று தெரியாத வளைவில் ஹாரன் அடிக்காதவன்தான் அங்கே குற்றவாளி. தினம் இரண்டு முறை ஏறி இறங்கும் வேன் டிரைவருக்கு வளைவைக் கண்டால் கை தானாகவே ஹாரனுக்குப் போகும். ரவுண்டானாவும் அந்தக் கைக்கு ஒரு வளைவுதான்.

லேட்டாக வருகிறவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்வதில் என்ன தப்பு?

ஏற்காட்டில் இருந்தபோது காலையில் சேலத்திலிருந்து பஸ் ஏறுவேன். மார்கழியில் பனி இறங்கினால் டிரைவர் ஊர்ந்து ஊர்ந்துதான் போவார். மேலே ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை முறை. டூரிஸ்ட் கார் ஒன்று அது தெரியாமல் வளைவில் முட்டிக்கொண்டு நின்றால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். நான் 10 மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தால், 'பனி, என்ன செய்வது' என்பேன்.

எங்கள் கிளையில் ஒரு கடைநிலை ஊழியர் இருந்தார். மலைக் கிராமத்துக்காரர். அவர் லேட்டாக வந்தால் நான் மனசுக்குள் சொன்னது வேறு: உள்ளூர்க்காரர், நடந்து வருகிற தூரம்தானே, சோம்பேறி.

ஒருநாள் அவர் கால்சட்டை முட்டிவரை ஈரமாக வந்து நின்றார். கேட்டேன். வருகிற வழி காப்பித் தோட்டத்துக்குள் போகிறது. பாதையில் காட்டெருமை நின்றால் அது நகரும்வரை நிற்க வேண்டும், அல்லது சுற்றிக்கொண்டு ஓடையில் இறங்கி வர வேண்டும். "அதுக்கு ஆபீஸ் டைம் தெரியாதுங்களே மேடம்" என்றார். எனக்குப் பனி ஒரு காரணம் என்றால் அவருக்குக் காட்டெருமை ஒரு காரணம். என் தாமதத்துக்கு வெளியே காரணம் தேடிய நான், அவர் தாமதத்துக்கு அவருக்குள்ளேயே காரணம் தேடியிருக்கிறேன்.

இந்தக் கோணல் பார்வைக்கு 1977-இல் லீ ராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு பெயர் வைத்தார். அடுத்தவர் செயலுக்குக் காரணம் கற்பிப்பதில் நாம் செய்யும் அடிப்படைப் பிழை என்று தமிழில் சொல்லலாம். சூழ்நிலையைக் குறைத்தும் குணத்தைக் கூட்டியும் மதிப்பிடுகிறோம் என்பது சாரம்.

அதற்கும் 4 வருடம் முன்னால், 1973-இல், ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர் பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒவ்வொரு மாணவரும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும். சிலருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சரிந்து கிடக்கிறார், அவர் சோதனைக்காக வைத்த ஆள். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். லேட்டாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான் நின்றார்கள். பேசப் போகிற தலைப்பு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. நின்றவர்களை மட்டும் பார்த்தவர் 'என்ன இரக்க குணம்!' என்றிருப்பார், தாண்டிப் போனவர்களை 'கல்நெஞ்சம்' என்றிருப்பார். பெரும்பாலும் பேசியது கடிகாரம்தான்.

இது வெள்ளைக்காரர் சமாச்சாரம். நம்ம ஊர் ஆட்களும் அப்படியா?

நல்ல கேள்வி. 1984-இல் ஜோன் மில்லர் என்பவர் இதைச் சிகாகோவிலும் நம் பக்கத்து மைசூரிலும் கேட்டுப் பார்த்தார். தெரிந்தவர் ஒருவர் செய்த நல்லது, கெட்டது ஒன்றைச் சொல்லி, ஏன் அப்படிச் செய்தார் என்று விளக்கச் சொன்னார். அமெரிக்கப் பெரியவர்கள் 'அவர் அப்படிப்பட்ட ஆள்' என்று குணத்தில் காரணம் சொல்வது அதிகம். மைசூர்ப் பெரியவர்கள் வேலை, உறவு, நிலைமை என்று சூழலைச் சொல்வது அதிகம். சின்னப் பிள்ளைகளிடம் இந்த வேறுபாடு பெரிதாக இல்லை. வயசு ஏற ஏறத்தான் விலகியது. ஆக, இது பிறவிக் குணமில்லை, பார்த்துப் பழகுவது.

எனக்கு இதைப் படித்ததும் என் பாட்டி ஞாபகம் வந்தது. யாரையாவது குறை சொன்னால் "அவளுக்கு என்ன கஷ்டமோ, போ" என்பாள். ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். அதே பாட்டி, இடது கையால் காசு கொடுத்த பால்காரரை ஒரு மாசம் மாற்றிவிட்டாள். உலகில் பத்துப் பேரில் ஒருவர் இடது கைப் பழக்கக்காரர். பாட்டிக்கு அந்த ஒருவரே வந்து வாய்த்துவிட்டார்.

"உங்களுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறு உண்டா?

ஊர் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறீர்கள் என்றால் ஊர்ப் பெயர் சொன்னதும் நிறுத்திவிட வேண்டும். "அங்க எந்தத் தெரு? குலதெய்வம் எது?" என்று தொடர்ந்தால் எதற்கு என்று இருவருக்குமே தெரியும்.

சாப்பிடுகிற விதம், பேச்சில் வரும் ஒரு சொல், டம்ளரை அண்ணாந்து குடிப்பதா வாய் வைத்துக் குடிப்பதா என்று சின்னப் பழக்கங்களை வைத்து நம் ஊரில் அதிகம் துப்பறிவது சாதியைத்தான். 'சைவமா?' என்று வீட்டுக்காரர் கேட்பது பல நேரம் சமையலைப் பற்றிய கேள்வியே இல்லை. டீக்கடையில் தனி டம்ளர் வைத்திருந்த ஊர்கள் நம் மாநிலத்தில் இருந்தன. அரசியல் சட்டம் 17-ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்து 1950-இல் நடைமுறைக்கு வந்த பிறகும் இருந்தன. இந்தத் துப்பறிதலுக்கு நான் ஆலோசனை சொல்வதில்லை. வீட்டுக்குக் குடி வைக்க, ஒழுங்காக வாடகை தருவாரா என்று அவர் முன்பு குடியிருந்த வீட்டில் விசாரியுங்கள். போதும்.

அப்படியானால் எந்தப் பழக்கமும் எதையும் காட்டாதா?

காட்டும். 2002-இல் சாம் காஸ்லிங்கும் கூட இருந்தவர்களும் ஆளைக் காட்டாமல் அவர்களுடைய அறையையும் ஆபீஸ் மேசையையும் மட்டும் காட்டி, இவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்கள். ஒழுங்கு உள்ளவரா, புதுசில் ஆர்வம் உள்ளவரா என்பதை முன்பின் தெரியாதவர்களே ஓரளவு நன்றாகக் கணித்தார்கள். மற்றவர்களோடு இணக்கமாகப் போவாரா என்பதில் அவ்வளவாகக் கணிக்க முடியவில்லை. நமக்குத் தெரிய வேண்டியதென்னவோ பெரும்பாலும் இந்தக் கடைசி விஷயம்தான்!

அறை ஏன் பேசுகிறது என்றால், அது ஒரு பருக்கை இல்லை. மாசக்கணக்கில் சேர்ந்தது.

கையெழுத்தை வைத்துக் குணம் சொல்கிறார்களே, நீங்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்து பார்த்தவராயிற்றே?

பார்த்திருக்கிறேன். சாய்த்துப் போட்டால் உணர்ச்சிவசப்படுபவர், கீழே கோடு இழுத்தால் தன்னம்பிக்கை என்பதெல்லாம் சோதனையில் நின்றதில்லை. கேட்கும்போது 'ஆமா, என்னை அப்படியே சொல்லிட்டாரே' என்று தோன்றும். 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ஆளுக்கொரு குணக்குறிப்பு கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. அத்தனை பேருக்கும் கொடுத்தது ஒரே தாள். ஜோசியப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்த வரிகள்.

கையெழுத்து என்றதும் எனக்கு நினைவு வருவது கைநாட்டு. ஏற்காட்டுக் கிளைக்கு எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒரு பெரியவர் வருவார். தோளில் சாக்கு, கையில் பாஸ்புக். பணம் எடுக்கும் சீட்டில் கைநாட்டு வைப்பார். விரலை மையில் ஒற்றுவதில் ஒரு நிதானம், துடைப்பதில் ஒரு நிதானம். ஒருநாள் வரிசையில் நிற்கும்போது பார்த்தேன். எங்கள் அறிவிப்புப் பலகையை உதடு அசைய வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு வட்டி எவ்வளவு என்று படித்தும் சொன்னார்.

எனக்குப் பொறி தட்டியது. படிக்கத் தெரிந்தவர் ஏன் கைநாட்டு வைக்கிறார்? ஏதோ இருக்கிறது. பின்னால் 'நான் வைக்கவில்லை' என்று சொல்வதற்கா? வேறு யாருடைய கணக்கா? அடுத்த சில மாதங்கள் அவர் வரும்போதெல்லாம் பாஸ்புக் போட்டோவையும் முகத்தையும் இரண்டு தடவை பார்த்தேன். கைரேகை சரியாக விழவில்லை என்று திரும்ப வைக்கச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப வைத்தார். சந்தேகம் வந்துவிட்டால் அந்த 'ஒன்றும் சொல்லாதது'கூடச் சாட்சியாகிவிடும்.

கடைசியில் மேனேஜரிடம் சொல்லி விசாரிக்க உட்கார வைத்தோம். கணக்கு ஆரம்பித்தபோது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தொண்ணூறுகளில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்க ஊர் ஊராக நடந்த அறிவொளி இயக்க வகுப்பில் சாயங்காலம் உட்கார்ந்து படித்திருக்கிறார். கையெழுத்துப் போடவும் வரும். "மாத்திக் கொடுங்கன்னு கேட்டனுங்க. கையெழுத்து மாத்துற பாரம் தீந்துருச்சு, அப்புறம் பாக்கலாம்னு சொன்னாங்க."

"யார் சொன்னது?" என்று மேனேஜர் கேட்டார்.

பெரியவர் என்னைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார். "ஞாபகம் இல்லீங்க" என்றார்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கே பாரம் கொண்டுவந்து கொடுத்தேன். மூன்று இடத்தில் மாதிரிக் கையெழுத்து போட வேண்டும். ஒவ்வொரு எழுத்தாக, கோட்டைத் தொடாமல், தன் பெயரை எழுதினார். மூன்றும் அச்சடித்த மாதிரி ஒன்றுபோல இருந்தன. அத்தனை நிதானமாகப் போட்ட மாதிரிக் கையெழுத்தை நான் வேறு யாரிடமும் பார்க்கவில்லை.

என்னை மற்றவர்கள் இப்படித் தப்பாக எடை போட்டால் என்ன செய்வது?

'திமிர் பிடிச்சவ, நிமிர்ந்து பார்க்க மாட்டா' என்பதுதான் எனக்கு வாடிக்கையாளர்கள் வைத்திருந்த பெயர். எண்ணும்போது நிமிர்ந்தால் எண்ணிக்கை தப்பும். சாயங்காலம் ஆயிரம் ரூபாய் குறைந்தால் என் கையிலிருந்து கட்ட வேண்டும். இதை ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பிற்பாடு ஒரு வழி கண்டுபிடித்தேன். நோட்டுக் கட்டைக் கையில் எடுக்கும் முன் ஒரு தடவை நிமிர்ந்து "சொல்லுங்க" என்றுவிட்டுக் குனிந்துவிடுவேன். பாதிப் பேர் கண்ணில் என் திமிர் குறைந்துவிட்டது. மீதிப் பேர் பழைய கருத்திலேயே இருக்கிறார்கள். இருக்கட்டும்.

தப்பாக நினைத்துவிட்டோம் என்று தெரிந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

மனசுக்குள் நினைத்ததற்குப் போய் மன்னிப்புக் கேட்டால், அவருக்குத் தெரியாத ஒன்றைத் தெரியவைத்த பாவம் சேரும். நடத்தையில் காட்டியிருந்தால் நடத்தையிலேயே சரிசெய்யுங்கள். நான் பாரத்தை எடுத்துக் கொடுத்தேன். வார்த்தையில் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

இப்போது நீங்கள் யாரையும் எடை போடுவதில்லையா?

எங்கள் மாடியில் ஆறு மாதமாக ஒரு பையன் குடியிருக்கிறான். வாடகை முதல் தேதியே வந்துவிடும். தினமும் ராத்திரி 11 மணிக்கு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் படியிறங்குகிறான். கேட்டைத் தூக்கித் திறக்கிறான். தோளில் ஒரு பை. விடியற்காலை 5 மணிக்குத் திரும்பி வருகிறான், மறுபடியும் செருப்பு கையில்.

இதுவரை என்னிடம் நாலு கதை தயாராக இருக்கிறது. அதில் இரண்டை வெளியே சொல்ல முடியாது. நேற்று காலை கோலம் போடும்போது எதிரே வந்தான். "தூக்கம் கெட்டுதா ஆன்ட்டி? கேட்டுக்கு எண்ணெய் விடட்டா?" என்றான். விடு தம்பி என்றேன். எங்கே போகிறாய் என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவன் எண்ணெய் எடுக்க மாடிக்குப் போய்விட்டான்.